இன்லண்ட் லெட்டருக்கு இருந்த காவல்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம் வயதுக்காரர்களுக்கு முன்பெல்லாம் ஊறுகாய், பருப்புப்பொடி, மாத்திரைச் சீட்டு பற்றித்தான் அறிவுரை வரும். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "அப்பா, கிளம்பறதுக்கு முன்னாடி செல்போன்ல வந்த அரசியல் வீடியோ எல்லாத்தையும் அழிச்சிருங்க. ஏர்போர்ட்ல வாங்கிப் பார்க்கறாங்களாம்." சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் இதைச் சொல்லிவிட்டு, "நீங்க போஸ்ட் ஆபீசில் இருந்தவர். அடுத்தவன் கடிதத்தைப் பிரிச்சா என்ன தண்டனைன்னு உங்களுக்குத் தெரியும். செல்போனைப் பிரிச்சுப் படிக்கறது மட்டும் எப்படி சரி?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் ஒரு வரியில் இல்லை. கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் தபாலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் எங்களை ஆண்டது 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட சட்டம்தான். ஆனாலும் அதில் 53-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தபால் ஊழியர் எவராவது கடமைக்கு மாறாக ஒரு தபாலைப் பிரித்தாலோ, நிறுத்தி வைத்தாலோ, வேண்டுமென்றே தாமதப்படுத்தினாலோ இரண்டு வருடம் வரை சிறை. எட்டாக மடித்த ஒரு துண்டுச்சீட்டு உள்ளே இருந்தாலும் அதே தண்டனைதான். முகவரி கிடைக்காமல் திரும்புகிற கடிதத்தைக்கூட நாங்கள் பிரிக்க முடியாது. அது டி.எல்.ஓ.வுக்குப் போகும். 'செத்த கடித அலுவலகம்' என்ற பொருளில் வைத்த பெயரைப் பிற்காலத்தில் ஆர்.எல்.ஓ. என்று மாற்றினார்கள். அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பதற்காக, அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள் மட்டும் அங்கே பிரித்துப் பார்ப்பார்கள்.

அரசாங்கமே ஒரு கடிதத்தைப் பிரிக்க விரும்பினால்? அதற்கு 26-ஆம் பிரிவு. பொது நெருக்கடி இருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்புக்கோ அமைதிக்கோ தேவை என்று இருக்க வேண்டும். மத்திய அரசோ மாநில அரசோ, அல்லது அதற்கென்று தனியாக அதிகாரம் பெற்ற ஓர் அதிகாரியோ எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் கவுண்டரில் வந்து நின்று "அந்தாளுக்கு வர்ற லெட்டரைக் காட்டுங்க" என்றால் போஸ்ட் மாஸ்டர் காட்ட மாட்டார். 26-ஆம் பிரிவு அதிகம் பயன்பட்ட காலங்களும் இருந்தன, எமர்ஜென்சி என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் ஒரு பேப்பர் இருந்தாக வேண்டும், அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் சின்ன விஷயமில்லை.

பார்சல் வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல் சென்னையில் வெளிநாட்டுத் தபால் பிரிவில் சுங்க அதிகாரிகள் முன்னால் பிரிக்கப்படும். உள்ளே சேலை இருக்கிறதா, வாட்ச் இருக்கிறதா, தீர்வை எவ்வளவு என்று பார்ப்பார்கள். பொருளைப் பார்ப்பது ஒரு அதிகாரம், எழுத்தைப் படிப்பது வேறொரு அதிகாரம். பழைய சட்டங்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. இன்றைய சிக்கல் அனைத்தும் செல்போன் இந்த இரண்டுமாக இருப்பதிலிருந்துதான் வருகிறது. பெட்டியும் அதுவே, பெட்டிக்குள் கட்டி வைத்த நாற்பது வருடக் கடிதக் கட்டும் அதுவே.

நம் பள்ளத்தாக்கில் சோதனை என்பது புதிதல்ல. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று பாதைகளில் கேரளத்துக்கு ஏறுகிறோம், மூன்றிலும் செக்போஸ்ட். அரிசிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் லோயர் கேம்ப் பக்கம் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொல்வார்கள். சாக்கு மூட்டையில் குத்தூசியைச் செருகி உருவினால் உள்ளே அரிசியா தவிடா என்று தெரிந்துவிடும். பெண்கள் மடியில் கட்டிய படி அரிசிக்காக அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள். அந்தச் சோதனையின் கடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எந்தச் செக்போஸ்ட்காரரும் பயணியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை எடுத்து வாசித்துக் காட்டச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. அவருக்கு வேண்டியது அரிசி.

எலக்ட்ரானிக் சாமானைத் தேடி வீட்டுக்கு வந்த முதல் சோதனையும் நமக்கு நினைவிருக்கும். ரேடியோ லைசென்ஸ்! வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் வில்லை ஒட்டி முத்திரை வாங்க வேண்டும். லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் ஊருக்குள் வந்தால் முதலில் தலையைத் தூக்கிக் கூரையைத்தான் பார்ப்பார். ஏரியல் கம்பி காட்டிக் கொடுத்துவிடும். டிரான்சிஸ்டர் வந்த பிறகு அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. போர்வைக்குள் சுருட்டி வைத்தால் எங்கே தேடுவது? 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டத்தின் கீழ் வந்த இந்த ஏற்பாடு எண்பதுகளில்தான் ஒழிந்தது. அந்த இன்ஸ்பெக்டரும் ரேடியோ இருக்கிறதா என்றுதான் கேட்டார். ராத்திரி எந்த ஸ்டேஷன் கேட்டாய், சிலோனா, பி.பி.சி. தமிழோசையா என்று கேட்கவில்லை.

வளைகுடாவுக்குப் போன நம் பையன்கள் டூ-இன்-ஒன் தூக்கி வந்த காலமும் அப்படித்தான். மீனம்பாக்கத்தில் பின்மூடியைக் கழற்றி, பேட்டரி வைக்கிற இடத்தில் தங்க பிஸ்கட் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கடிதம் எழுத வராதவர்கள் கேசட்டில் பேசிப் பதிந்து ஊருக்குக் கொடுத்து அனுப்புவார்கள்; மனைவிக்குச் சொன்ன வார்த்தை, கடன்காரனுக்குச் சொன்ன வாய்தா எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கேசட்டுக்கும் தீர்வை கேட்டிருக்கலாம். போட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை.

விமான நிலையத்தில் மின்னணுச் சாமான்களை இப்படித் துருவிப் பார்ப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது மிகவும் துயரமானது. 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொழும்பு விமானத்துக்குப் பெட்டிகளைப் போட்டுவிட்டு, போட்ட ஆள் ஏறவில்லை. அங்கிருந்து அவை ஐரோப்பா போகும் விமானங்களுக்கு மாற வேண்டியவை. ஆள் இல்லாத பெட்டி என்று இறக்கி வைத்தார்கள். அது விமான நிலையத்துக்குள்ளேயே வெடித்தது. அடுத்த வருடம் ஜூன் 23-ல் கனிஷ்கா, 329 உயிர்கள். அதே நாளில் ஜப்பானின் நரிதா விமான நிலையத்தில் வெடித்த குண்டு ஒரு ஸ்டீரியோ டியூனருக்குள் வைக்கப்பட்டிருந்தது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் வெடித்ததோ ரேடியோ கேசட் பிளேயருக்குள் இருந்தது. 1987 ஏப்ரலில் சிவில் விமானப் பாதுகாப்புக்கான அமைப்பு நம் நாட்டில் தனித் துறையானதற்குக் கனிஷ்காவே காரணம். 1999 டிசம்பரில் காத்மண்டுவிலிருந்து கடத்தப்பட்ட விமானத்துக்குப் பிறகு சி.ஐ.எஸ்.எஃப். வீரர்கள் விமான நிலையங்களுக்கு வந்தார்கள்.

ஆகவே லேப்டாப்பைத் தனித் தட்டில் வை, செல்போனை எடுத்து வை என்று ஒரு வீரர் சொன்னால் முகம் சுளிக்க எனக்கு மனம் வராது. அவர் தேடுவது வெடிமருந்தை. சந்தேகப்பட்டால் 'ஆன்' செய்து காட்டச் சொல்வார். திரை எரிந்தால் அவர் வேலை முடிந்தது. அதற்கு மேல் போனால் அது வேறு சங்கதி.

நம் நாட்டில் அந்த 'வேறு சங்கதி'க்குச் சட்டம் என்ன சொல்கிறது? இதை நான் பிள்ளைகளிடம் கேட்டபோது, "நம்ம சுப்ரீம் கோர்ட்டுதான் பிரைவசி அடிப்படை உரிமைன்னு சொல்லிட்டாங்களே தாத்தா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சொன்னது உண்மை. சொல்வதற்கு அறுபத்து மூன்று வருடம் ஆனது என்பதும் உண்மை. அந்தக் கதை ஒரு விமானக் கம்பெனியில்தான் தொடங்குகிறது.

டால்மியா-ஜெயின் ஏர்வேஸ் என்று ஒரு கம்பெனி. 1946-ல் பதிவாகி 1952-ல் மூடப்பட்டது. பங்குதாரர்களின் பணத்தில் மோசடி, பொய்க் கணக்கு என்று புகார். 1953 நவம்பரில் 34 இடங்களில் ஒரே சமயத்தில் சோதனை போட்டு மூட்டை மூட்டையாக ஆவணங்களை அள்ளினார்கள். இது எங்கள் உரிமையைப் பறிப்பது, எங்களையே எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பது என்று கம்பெனி தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1954 மார்ச்சில் எட்டு நீதிபதிகள் சேர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள்: அமெரிக்க அரசியல் சட்டத்தில் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு ஒன்று இருக்கிறது, நம் சட்டத்தை எழுதியவர்கள் அப்படி ஒன்றை வைக்கவில்லை, அதை நாங்களாக இழுத்துக்கொண்டு வர முடியாது. எம்.பி. சர்மா வழக்கு என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான்.

அடுத்து 1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கு. உத்தரப் பிரதேசத்தில் கொள்ளை வழக்கில் பிடித்து, ஆதாரமில்லை என்று விட்டுவிட்ட ஒரு மனிதரைப் போலீஸ் விடாமல் கண்காணித்தது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ராத்திரிக் கதவைத் தட்டுவது மட்டும் தப்பு என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை இல்லை, மற்றக் கண்காணிப்பு நடக்கலாம் என்றார்கள். மாறுபட்டு எழுதியவர் நீதிபதி சுப்பாராவ், நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

கரக் சிங்கின் கதையை நம் பக்கத்தில் படிக்கிற எவருக்கும் அது புதிதாக இருக்காது. ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுப்பது, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்குவது, போன ஊரில் அதைக் காட்டுவது என்று உசிலம்பட்டி தொடங்கி நம் பள்ளத்தாக்கு வரை ஒரு தலைமுறையே வாழ்ந்திருக்கிறது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அரசாங்கம் பெயர் வைத்தது. நம் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று வைத்து, ஆண்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்தார்கள். கல்யாணத்துக்குப் போக வேண்டுமா, இழவுக்குப் போக வேண்டுமா, சீட்டு வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்துப்போனார்கள். அங்கே நினைவுத் தூண் நிற்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆனது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட எத்தனையோ பேர் அதற்காக அலைந்திருக்கிறார்கள். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து அரசு வேலைக்கு வந்த என் சிநேகிதர்கள் சிலரின் தாத்தாக்கள் ரேகை வைத்தவர்கள். அதில் ஒருவர் சொல்வார்: "எங்க தாத்தா பெருவிரலை யாருக்கும் காட்ட மாட்டாரு. வேட்டிக்குள்ளயே வெச்சிருப்பாரு."

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அமெரிக்கா 2004 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் கைரேகையும் படமும் எடுக்கிறது. இங்கே 2022 டிசம்பரில் டிஜியாத்ரா வந்து, முகத்தைக் காட்டினாலே விமான நிலையக் கதவு திறக்கிறது. விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்கிறார்கள். நாம் வரிசையில் நின்று, கண்ணாடி மேல் விரலை அழுத்தி, "இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றால் சிரித்துக்கொண்டே அழுத்துகிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று ஒரு சாதியைக் குறிவைத்தது, மற்றது எல்லோருக்கும் பொது. ஆனால் ரேகையைக் கேட்டால் ஏன், எதற்கு, யார் கையில் இருக்கும் என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் நம் ஊரில் ஒரு காலத்தில் உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த வழக்கம்.

சரி, வழக்குகளுக்கு வருவோம். அந்தரங்கத்துக்கு ஆதரவான தீர்ப்புகளில் நம் தமிழ்நாட்டின் பங்கு ஒன்று உண்டு, அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தது. சில பெரிய அதிகாரிகளின் பெயர் அதில் அடிபடும் என்ற நிலையில் சிறைத்துறை தடுத்தது. ஆசிரியர் தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பில் இரண்டு விஷயம் சொன்னார். தனி மனிதனின் வீடு, குடும்பம், திருமணம் போன்றவற்றில் அவனைச் சும்மா விட வேண்டும், அந்த உரிமை 21-ஆம் பிரிவிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடத் தடையில்லை, அரசாங்கம் முன்கூட்டியே தடுக்கவும் முடியாது. பத்திரிகையும் ஜெயித்தது, அந்தரங்கமும் ஜெயித்தது.

டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கு 1996 டிசம்பரில் வந்தது. அதற்கு எட்டு வருடம் முன்னால் கர்நாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் முதலமைச்சர் பதவியை விட்டது நினைவிருக்கும். ஒட்டுக்கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலாளர் மட்டத்தில் உத்தரவு வேண்டும், அதை ஒரு குழு மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் வரைமுறை வகுத்தது. எங்கள் தபால் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் இருந்த அதே 'பேப்பர் வேண்டும்' யோசனைதான், இன்னும் கொஞ்சம் பத்திரமாக.

கடைசியில் 2012-ல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டார் கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. அப்போது அவருக்கு வயது 86. பென்ஷன் வாங்குகிற நம்மைப் போன்றவர்கள் காலை வாக்கிங்கோடு சரி என்று இருக்கிற வயதில் இவர் கோர்ட்டுக்குப் போனார்! மத்திய அரசின் வக்கீல் அந்தப் பழைய 1954 தீர்ப்பை எடுத்து நீட்டி, எட்டு நீதிபதிகள் இல்லை என்று சொன்ன உரிமையை எப்படி இப்போது கேட்கிறீர்கள் என்றார். எட்டைத் தாண்ட ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது பேரும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். அரசாங்கம் அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், கொசுவை அடிக்கப் பீரங்கியைத் தூக்கக் கூடாது. கடைசியில் சொன்னது என் வார்த்தை. அவர்கள் 'விகிதாச்சாரம்' என்ற பொருளில் சொன்னார்கள்.

இனி விமான நிலையத்துக்குள் வருவோம். அங்கே நம்மைச் சோதிப்பவர்கள் ஒரே ஆள் இல்லை. எக்ஸ்ரேயில் நிற்பவர்கள் சி.ஐ.எஸ்.எஃப்.; ஆயுதம், வெடிமருந்து அவர்கள் கவலை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது குடியேற்றப் பிரிவு. வெளியே வரும் வழியில் நிற்பவர்கள் சுங்கத் துறை. தங்கம், போதைப் பொருள், வரி கட்டாத சாமான் அவர்கள் கவலை. மதுரையிலிருந்து 2012-ல் கொழும்புக்கு விமானம் விட்ட பிறகு நம் பக்கத்துச் சனங்களுக்கும் இந்த மூன்று பேரும் பழக்கமாகிவிட்டார்கள்.

சுங்க அதிகாரிகளுக்கு 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம். 100-ஆம் பிரிவின்படி, ஒளித்து வைத்திருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் ஆளைச் சோதிக்கலாம். 102-ஆம் பிரிவை நீங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்: சோதனைக்கு முன் ஒரு கெஜட்டட் சுங்க அதிகாரி முன்போ மாஜிஸ்திரேட் முன்போ என்னைக் கொண்டு போங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும். 110-ஆம் பிரிவின்படி விசாரணைக்குப் பயன்படும் ஆவணத்தையோ பொருளையோ கைப்பற்றலாம். கம்ப்யூட்டர் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கும் 138சி பிரிவை 1988-லேயே சேர்த்துவிட்டார்கள். ஆனால் இந்தப் பிரிவுகள் எதிலும் ஒரு பயணியின் செல்போனைத் திறந்து அவர் மனைவியோடு பேசியதைப் படிப்பதற்கு என்று தனியாக விதியோ வரம்போ எழுதப்படவில்லை. எழுதியபோது அப்படி ஒரு சாமான் உலகத்தில் இல்லை.

இந்த ஓட்டையில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். போடிப் பக்கத்துப் பையன் ஒருவன் வளைகுடாவிலிருந்து திரும்பும்போது ஒரு விமான நிலையத்தில் அவன் போனை வாங்கி, ரகசிய எண்ணைப் போடச் சொல்லி, அரை மணி நேரம் புரட்டியிருக்கிறார்கள். தங்கக் கடத்தல் பேச்சு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்களாம். இருந்தது என்னவென்றால், பிரசவத்துக்குப் போயிருந்த மனைவியின் படங்களும், தாயாரின் ஸ்கேன் ரிப்போர்ட்டும், சீட்டுப் பணம் கட்டாததற்கு மாமா அனுப்பிய வசவும். "போகலாம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எந்தப் பேப்பரும் இல்லை; எதற்குப் பார்த்தார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அவன் என்னிடம் கேட்டது, "நான் என்ன மாமா தப்புப் பண்ணினேன்?" என்பதுதான்.

ரகசிய எண்ணைச் சொல்லத்தான் வேண்டுமா என்பதில் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், அது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகாது, ஆனால் போனைச் சோதிக்க வாரண்ட் வேண்டும் என்றது. 2022-ல் டெல்லியில் ஒரு சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம், சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2023-ல் பத்திரிகையாளர்களின் சாதனங்களைப் பறிமுதல் செய்வது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்டது. இதற்கிடையே 2025-ல் வந்த புதிய வருமான வரிச் சட்டம், சோதனையின்போது பாஸ்வேர்டைத் தாண்டித் திறக்கும் அதிகாரத்தை எழுத்திலேயே வைத்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 அதற்குத் தொடக்க நாள். எழுத்தில் வந்தது ஒரு விதத்தில் நல்லது என்பேன். எதிர்த்து வாதாடவாவது ஒரு வாசகம் கிடைக்கிறது.

சின்னமனூர் நண்பர் கேட்டது அமெரிக்காவைப் பற்றி. அங்கே 2014 ஜூனில் ரைலி என்பவர் வழக்கில், கைது செய்யப்பட்டவரின் செல்போனைக்கூட வாரண்ட் இல்லாமல் பார்க்கக் கூடாது என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆனால் எல்லையில் அது செல்லாது. 1789-ல் அவர்களுடைய முதல் நாடாளுமன்றம் போட்ட சுங்கச் சட்டத்திலிருந்தே, எல்லையில் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம் என்பது வழக்கம். கப்பல் பீப்பாய்களைப் பார்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இன்று செல்போனுக்கும் வந்து நிற்கிறது. 2018 ஜனவரியில் அவர்கள் எல்லைத் துறை வெளியிட்ட விதிப்படி, அதிகாரி கையால் புரட்டிப் பார்க்கக் காரணம் எதுவும் தேவையில்லை. கருவியோடு இணைத்து நகலெடுக்க வேண்டுமானால் நியாயமான சந்தேகமோ நாட்டுப் பாதுகாப்புக் கவலையோ வேண்டும். போனில் இருப்பதை மட்டும்தான் பார்க்கலாம், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்நாட்டுக் குடிமகன் திறக்க மறுத்தால் போனைப் பிடித்து வைக்கலாம், ஆளை உள்ளே விட்டாக வேண்டும். நம்மைப் போல் விசாவில் போகிறவர் மறுத்தால் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு.

பயந்துவிட வேண்டாம். 2024 நிதியாண்டில் அங்கே சோதித்த சாதனங்கள் சுமார் 47,000. வந்து போனவர்கள் 42 கோடி. கணக்குப் போட்டால் ஒன்பதாயிரம் பேரில் ஒருவர். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நியூசிலாந்து 2018-ல் பாஸ்வேர்டு தர மறுத்தால் 5,000 டாலர் வரை அபராதம் என்று சட்டமே போட்டது; ஆனால் அதிகாரிக்கு நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதியது. ஈழத்துச் சனங்கள் நிறைய வாழும் கனடாவில், செல்போனைப் பெட்டி போலவே பாவித்த சுங்க விதி செல்லாது என்று ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் சொன்னது. பொருள் வேறு, எழுத்து வேறு என்ற எங்கள் பழைய தபால் ஞானம் அங்கே எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

தபால் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1986-ல் ராஜீவ் காந்தி அரசு அந்த 26-ஆம் பிரிவை விரிவாக்கி, கடிதங்களைப் பிரிக்க இன்னும் அதிக அதிகாரம் தரும் மசோதாவை இரு அவைகளிலும் நிறைவேற்றியது. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அப்படியே மேஜையில் வைத்துக்கொண்டார். பதவிக்காலம் முடியும்வரை வைத்திருந்தார்! அடுத்து வந்த நம் ராஜாமடம் ஆர். வெங்கட்ராமன் 1990 ஜனவரியில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். கடைசியில் 2002-ல் மசோதாவையே வாபஸ் வாங்கினார்கள். அந்த நாட்களில் எங்கள் சார்ட்டிங் மேஜையில் இது பெரிய பேச்சு. ஐம்பது பைசா கடிதத்துக்காக ராஷ்டிரபதி பவன் மல்லுக்கு நிற்கிறதே என்று எங்களுக்கெல்லாம் உள்ளூரப் பெருமை.

அந்த 1898 சட்டம் இப்போது இல்லை. 2023-ல் நிறைவேறி 2024 ஜூன் 18 முதல் புதிய அஞ்சலகச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலான காரணங்களுக்காக மத்திய அரசு அதிகாரம் தரும் எந்த அதிகாரியும் தபாலைப் பிரிக்கலாம் என்று 9-ஆம் பிரிவு சொல்கிறது. கடிதத்தைக் கள்ளத்தனமாகப் பிரிக்கும் ஊழியருக்கு இரண்டு வருடம் என்ற அந்தப் பழைய 53-ஐத் தேடிப் பார்த்தேன். புதிய சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பயணத்துக்கு முன் தேவையில்லாத வீடியோக்களை அழிப்பதில் தப்பில்லை, எப்படியும் பாதி பொய். பழைய படங்களை வீட்டில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மகன் வீட்டு முகவரி, போன் நம்பர், மருந்துப் பட்டியல் மூன்றையும் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டால் கைநடுங்காமல் நிற்கலாம். போனைக் கேட்டால் சண்டை போட வேண்டாம். எதற்காக, எந்தச் சட்டத்தில் என்று மரியாதையாகக் கேட்டு, அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கி வைத்துக்கொண்டால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். ரிஜிஸ்தர் தபாலுக்கு ரசீது கேட்காமல் நீங்கள் எப்போதாவது கவுண்டரை விட்டு நகர்ந்ததுண்டா?

பின்குறிப்பு: வில்லை ஒட்டிய பழைய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். என்னிடம் இருந்ததைக் கரையான் தின்றுவிட்டது. அடுத்த பதிவில் போடலாம் என்று இருக்கிறேன்.